எயார் ரைபிளுக்குப் பொருந்தும் பெலட்டைக் கண்டுபிடிப்பது எப்படி? மலையகத்தில் 10 மீற்றர் சுடுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் சுடும் மண்டபத்துக்குப் புதிதாக வருகிற பிள்ளை பத்துக்கு எட்டும் ஒன்பதுமாகச் சுட்டால், கொஞ்ச நேரத்தில் ஒரு கேள்வி வரும்: “சேர், இதைவிட நல்ல பெலட் இல்லையா?” பெலட் என்றால் எயார் ரைபிளில் போட்டுச் சுடும் சின்ன ஈயக் குண்டு. நல்லது இருக்கிறது. ஆனால் அந்தக் கேள்வியை முதலில் கேட்டால் காசுதான் போகும். துவக்கு, அதை வைத்துச் சுடும் ஆதாரம், சோதிக்கும் முறை என்ற மூன்றும் சரியான பிறகுதான் பெலட்டின் குணம் அட்டையில் தெரியும்.

வெடிமருந்துத் துவக்கு சுடும் வெளிநாட்டு விளையாட்டுக்காரர்கள் பலர் மருந்தை அளந்து தங்கள் தோட்டாவைத் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். எயார் ரைபிளில் மருந்தும் இல்லை, தோட்டாக் கூடும் இல்லை. நம் கையில் இருப்பதெல்லாம் பெலட்டைத் தெரிவதும், பிரிப்பதும், பத்திரமாக வைப்பதும்தான். அதையே ஒழுங்காகச் செய்தால் போதும். கீழே உள்ள வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியை நம்பித்தான் நிற்கிறது.

1. தொடங்குமுன்: அனுமதி, பாதுகாப்பு, ஈயம்

ரைபிளும் பெலட்டும் அனுமதி பெற்ற சங்கம் அல்லது பாடசாலை அணி வழியாகத்தான் உங்கள் கைக்கு வரவேண்டும். சந்தேகம் இருந்தால் சங்கத்தில் கேட்டு எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டி காகித அட்டைக்கு மட்டும். தோட்டத்துக் குரங்கையும் பன்றியையும் பற்றிக் கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

சோதனை நடக்கும் நாளில் மேசையைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள். பேச்சு வளரும், கவனம் சிதறும். அதனால் சுடாத நேரத்தில் ரைபிளில் பெலட் போடும் அறை திறந்தே இருக்கட்டும், செம்மஞ்சள் பாதுகாப்புக் கொடி குழலுக்குள் இருக்கட்டும். கண்ணாடி எல்லோருக்கும் வேண்டும். தட்டையான ஈயம் இரும்புத் தகட்டில் பட்டுத் திரும்பி வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

பெலட் ஈயத்தால் ஆனது. அதை வாயில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்துப் போடும் பழக்கம் சில பிள்ளைகளிடம் இருக்கிறது. கண்ட அன்றே நிறுத்துங்கள். பெலட் தொட்ட கையோடு ரொட்டி சாப்பிடக்கூடாது, சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் தேநீர். பெலட்டைப் பிரிக்கும் தட்டு சமையலறைக்குத் திரும்பிப் போகக்கூடாது.

2. மேசையில் என்னென்ன வேண்டும்

நான்கு வகை பெலட், வகைக்கு ஒரு டின். புதிய இலக்கு அட்டைகள் ஐம்பது. மணல் நிரப்பிய இரண்டு பைகள். பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தைத்தால் அருமையாக இருக்கும். ரைபிளின் ஆணிகளுக்குச் சரியாகப் பொருந்தும் அலன் கீ. சுத்தம் செய்யும் கம்பளித் துண்டுகள். ஒரு கொப்பி, பேனை.

அளக்க ஒரு வேர்னியர் இடுக்கி வேண்டும். ஏ.எல். பௌதிகவியல் ஆய்வுகூடத்தில் கேட்டால் கிடைக்கும். 0.001 கிராம் வரை காட்டும் தராசு இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஏன் பரவாயில்லை என்பதை 7ஆம் படியில் சொல்கிறேன். வேகம் அளக்கும் கருவி இல்லையே என்று யாரும் கவலைப்பட வேண்டாம்.

3. முதலில் துவக்கு

என் சொந்தக் கதை இது. ஒரு வருடம் எங்கள் அணியின் ரைபிள் ஒன்று திடீரென்று சிதறத் தொடங்கியது. பெலட்தான் கெட்டுப்போனது என்று முடிவுகட்டி, கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் சொல்லி விலை கூடிய மூன்று டின் எடுப்பித்தேன். மூன்றும் ஒரே மாதிரிச் சிதறின. கடைசியில் ஒரு மாணவி ரைபிளைத் தூக்கும்போது “சேர், இது ஆடுதே” என்றாள். குழலும் இயந்திரமும் சோங்கோடு, அதாவது தோளில் வைக்கும் கட்டையோடு, சேரும் ஆணி அரைச் சுற்றுக்கு மேல் தளர்ந்திருந்தது. அவ்வளவுதான் விஷயம்.

ஆகவே முதல் வேலை ஆணிகள். சோங்கை இயந்திரத்தோடு பிடிக்கும் ஆணி, குறிபார்க்கும் பின் சைட்டைப் பிடிக்கும் ஆணி, முன் சைட்டின் ஆணி எல்லாவற்றையும் வரிசையாகப் பாருங்கள். பலம்கொண்ட மட்டும் இறுக்கவேண்டாம். அலன் கீயின் குட்டைப் பக்கத்தைக் கையில் பிடித்து, நீண்ட பக்கத்தை ஆணிக்குள் விட்டு, விரல் பலத்தால் நிற்கும் அளவுக்கு இறுக்கினால் போதும். மரச் சோங்கு மலையகத்தின் ஈரத்தில் ஊதும், வெயில் காலத்தில் சுருங்கும். அதனால் தை மாதத்தில் இறுக்கியது ஆடியில் அப்படியே இருக்கும் என்று நம்பக்கூடாது.

இரண்டாவது, குழலின் வாய். ஒரு டோர்ச் வெளிச்சத்தில் வாய்விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். ஒரு பக்கம் சின்னதாக நசுங்கியிருந்தாலும் பெலட் வெளியேறும் கணத்தில் பின்னாலிருந்து வரும் காற்று ஒரு பக்கமாக முந்திப் பாயும், பெலட்டின் வால் தள்ளப்படும். இதற்கு எந்த பெலட்டும் மருந்தாகாது. திருத்தத் தெரிந்தவரிடம்தான் கொடுக்கவேண்டும்.

மூன்றாவது, சுத்தம். கம்பளித் துண்டுகளைப் பின்பக்கமாக, அதாவது பெலட் போடும் பக்கத்திலிருந்து விட்டு வாய்ப்பக்கமாக எடுங்கள். இரும்புக் கம்பியை வாய்ப்பக்கமாகக் குத்துகிறவர்கள்தான் பாதி வாய்களைக் கெடுக்கிறார்கள். துண்டு கறுப்பாக வந்து, பிறகு சாம்பல் நிறமாக வந்தால் நிறுத்திவிடலாம். வெள்ளையாக வரும்வரை தேய்க்க வேண்டிய அவசியமில்லை.

சுத்தம் செய்த உடனே வரும் முதல் பத்து இருபது சூட்டை எந்தக் கணக்கிலும் சேர்க்காதீர்கள். குழலின் உள்சுவரில் மெல்லிய ஈயப் படிவு மீண்டும் பதியும்வரை பெலட் அங்குமிங்குமாகத்தான் போகும்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. தையல் மெஷின் எண்ணெயோ தேங்காயெண்ணெயோ குழலுக்குள் போகக்கூடாது. சுருள்வில்லால் பிஸ்டனைத் தள்ளும் ரைபிளில் அது அழுத்தத்தில் தீப்பற்றி, ஒவ்வொரு சூட்டுக்கும் ஒவ்வொரு வேகத்தைக் கொடுக்கும். சிலிண்டரில் காற்றை அடைத்து வைத்திருக்கும் ரைபிளின் உயர் அழுத்தக் காற்றோடு கனிய எண்ணெய் சேர்வது உயிருக்கே ஆபத்து.

4. ஆதாரம்: பெலட்டைச் சோதிக்கிறீர்களா, உங்களைச் சோதிக்கிறீர்களா?

நின்றுகொண்டு சுட்டு பெலட்டைச் சோதிக்க முடியாது. நல்ல வீரரின் நிலைகூடச் சில மில்லிமீற்றர் ஆடும். பெலட்டுகளுக்கு இடையிலான வித்தியாசமோ அதைவிடச் சிறியது. ஆகவே மேசையில் உட்கார்ந்து, மணல் பைகளில் ரைபிளை வைத்துத்தான் சுடவேண்டும்.

உங்கள் ரைபிள் எந்த வகை என்பதைப் பொறுத்து இங்கே வழி பிரிகிறது. சிலிண்டரில் அடைத்த காற்றால் இயங்கும் ரைபிள் சுடும்போது பெரிதாக அதிராது. அதை மணல் பையில் நன்றாக அமர்த்தலாம், வசதியிருந்தால் மேசையில் பொருத்திய வைஸ் இடுக்கியில் பூட்டியும் சோதிக்கலாம்.

சுருள்வில் ரைபிள் வேறு ஜாதி. பெலட் குழலை விட்டு வெளியேறும் முன்பே உள்ளே கனமான பிஸ்டன் ஓடி மோதி, முழு ரைபிளையும் உதைத்துவிடும். அதை வைஸ் இடுக்கியிலோ கடினமான மேசையிலோ இறுக்கினால் உதை ஒவ்வொரு முறையும் வேறு திசையில் திரும்பும். உள்ளங்கையை மணல் பையின்மேல் விரித்து, அதன்மேல் ரைபிளைச் சும்மா கிடத்தி, கன்னத்தையும் தோளையும் இலேசாகத் தொடவிட்டுச் சுடுங்கள். ஒவ்வொரு சூட்டுக்கும் உள்ளங்கை அதே இடத்தில் இருக்கவேண்டும். சோங்கின் அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் சுலபம்.

விசையை இழுத்த பிறகு ஒரு மூச்சு நேரம் அப்படியே இருங்கள். 10 மீற்றர் போட்டி ரைபிளில் பெலட்டின் வேகம் விநாடிக்கு 170 மீற்றர் அளவில் இருக்கும். பட்டென்று தலையைத் தூக்கிப் பார்க்கும் பிள்ளை, பெலட் குழலுக்குள் ஓடும்போதே ரைபிளை அசைத்துவிடுகிறது.

5. எந்தெந்த பெலட்டை எடுப்பது

காகித அட்டைக்கு எப்போதும் தட்டைத் தலை பெலட்தான். அது வட்டமாக வெட்டி ஓட்டை போடும், புள்ளி பார்க்கச் சண்டை வராது. கூர்த்தலையும் உருண்டைத்தலையும் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும்.

விட்டம் 4.5 மில்லிமீற்றர் என்று எல்லா டின்னிலும் இருக்கும். அது பொதுப்பெயர். உற்றுப் பார்த்தால் தலையின் உண்மையான அளவு தனியாக அச்சிட்டிருக்கும்: 4.49, 4.50, 4.51 என்று. இந்த நூறில் ஒரு பங்கு மில்லிமீற்றரைப் புதியவர்கள் கவனிப்பதே இல்லை. ஆனால் குழலின் உள்ளே வெட்டிய சுருள் வரிகளில் தலை எப்படி அமர்கிறது என்பதைத் தீர்மானிப்பது அதுதான். சிறியதாக இருந்தால் ஆடிக்கொண்டு போகும், பெரியதாக இருந்தால் நசுங்கிக்கொண்டு போகும்.

எடையைப் பொறுத்தவரை ரைபிளுக்கான போட்டி பெலட் 0.53 கிராம் அளவில் இருக்கும். அதைவிட இலேசானவை பெரும்பாலும் கைத்துப்பாக்கிக்காகச் செய்தவை. அவற்றையும் சில ரைபிள்கள் விரும்பும், ஆனால் அங்கிருந்து தொடங்கவேண்டாம்.

என் யோசனை இது. நான்கு டின்னையும் நான்கு கம்பனியில் வாங்காதீர்கள். எச் அண்ட் என், ஆர்.டபிள்யூ.எஸ், ஜே.எஸ்.பி போன்ற பெயர்களில் இரண்டைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு தலை அளவு எடுங்கள். முடிவு வரும்போது, வித்தியாசத்துக்குக் காரணம் கம்பனியா அளவா என்று பிரித்துச் சொல்ல முடியும். நான்கும் நான்கு விதமாக இருந்தால் வென்றது எது என்று தெரியும், ஏன் வென்றது என்று தெரியாது.

விலை? அணியில் இரண்டு ரைபிள்கள் ஒரே மாதிரி, ஒரே ஆண்டுத் தயாரிப்பு. ஒன்று விலை கூடிய டின்னில் ஓட்டைகளை நெருக்கமாக, அழகாகக் குவித்தது. மற்றது அதே டின்னில் சிதறி, பயிற்சிக்கென்று வாங்கிய மலிவு டின்னில் குவித்தது. துவக்குக்கு விலைப்பட்டியல் வாசிக்கத் தெரியாது.

6. கண்ணால் பிரித்தல்

பெலட்டுக்குத் தலை, இடுப்பு, பாவாடை என்று மூன்று பகுதி. பாவாடைதான் மெல்லியது, அதுதான் முதலில் நசுங்கும். சுடும்போது காற்று அதை விரித்துக் குழல் சுவரோடு அடைக்கவேண்டும். ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் அந்தப் பக்கமாகக் காற்று கசியும்.

ஒரு வெள்ளைத் தட்டில் ஐம்பது பெலட்டைத் தலைகீழாக, பாவாடை மேலே பார்க்க நிறுத்துங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் தட்டைச் சாய்த்துப் பார்த்தால், வட்டம் கெட்டவை தாமாகவே கண்ணில் குத்தும். தலையில் ஈயச் சிலும்பு ஒட்டியவற்றையும் எடுத்துவிடுங்கள். கழித்தவற்றை வீசவேண்டாம், புதியவர்களுக்கு விசைப் பயிற்சி கொடுக்க உதவும்.

நசுங்கியதைப் பேனை முனையால் நிமிர்த்திப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். நிமிர்த்தலாம், ஆனால் அது பழையபடி வராது. சோதனைக்கும் போட்டிக்கும் எடுக்காதீர்கள்.

சவர்க்காரத் தண்ணீரில் கழுவுகிறவர்களும் இருக்கிறார்கள். நல்ல கம்பனி டின்களுக்கு அது வேண்டாத வேலை. மேலே இருக்கும் மெல்லிய பூச்சு போய்விடும், நம் ஊர் ஈரத்தில் சீக்கிரமே ஈயம் வெளிறத் தொடங்கும்.

7. தராசு: எதோடு நிறுத்திக்கொள்வது

புதியவர்கள் மிகவும் ஆசைப்படும் படி இது. இரவு முழுக்க உட்கார்ந்து 500 பெலட்டை நிறுத்து, பத்துக் கிண்ணத்தில் பிரித்துக்கொண்டு வருவார்கள். பாராட்டத்தான் தோன்றும். ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

விநாடிக்கு 170 மீற்றர் வேகத்தில் 10 மீற்றரைக் கடக்க 0.06 விநாடிக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். அந்த நேரத்தில் பெலட் புவியீர்ப்பால் 17 மில்லிமீற்றர் கீழே விழுகிறது. இப்போது 0.53 கிராம் பெலட்டில் 0.005 கிராம் கூடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எடை 1 வீதம் கூட, வேகம் ஏறத்தாழ அரை வீதம் குறையும், விழும் தூரம் 1 வீதம் கூடும். அதாவது 0.17 மில்லிமீற்றர். பென்சில் கோட்டின் தடிப்பைவிடக் குறைவு.

ஆகவே தராசின் வேலை திருடனைப் பிடிப்பது மட்டும். முப்பது பெலட்டை நிறுத்துப் பாருங்கள். எல்லாம் நெருக்கமாக இருந்து ஒன்றிரண்டு மட்டும் விலகி நின்றால், அந்த விலகியவற்றில் ஏதாவது தயாரிப்புக் குறை இருக்கலாம். அவற்றைக் கழியுங்கள். முப்பதும் கண்டபடி இருந்தால் அந்த டின்னையே சோதனையில் இருந்து எடுத்துவிடுங்கள். மீதி நேரத்தில் தூங்குங்கள், அடுத்த நாள் சூட்டுக்கு அதுதான் உதவும்.

தூரம் கூடினால் இந்தக் கணக்கு மாறும். 50 மீற்றருக்கு எயார் ரைபிள் சுடுகிறவர் தராசை விடமாட்டார், அவர் செய்வது சரி.

8. சுட்டுப் பார்ப்பது

இதுதான் மையப் படி. அவசரம் வேண்டாம், ஒரு முழுக் காலை ஒதுக்குங்கள்.

ஒரு டின்னில் ஐந்து சுட்டு, அடுத்த டின்னில் ஐந்து சுட்டு, ஓட்டைகளின் குவியல் எதில் சின்னதோ அதை வாங்குவது என்பதுதான் எல்லோரும் செய்வது. ஐந்து சூட்டில் அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நம்பாவிட்டால் ஒரே டின்னில் ஆறு முறை ஐந்தைந்தாகச் சுட்டுப் பாருங்கள். ஒரு குவியல் இன்னொன்றைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக இருப்பதைச் சாதாரணமாகக் காண்பீர்கள், பெலட் ஒன்றே என்றாலும்.

நான் செய்யும் முறை இது. டின்களின் மேல் பெயர் தெரியாமல் காகிதம் ஒட்டி அ, ஆ, இ, ஈ என்று எழுதிவிடுவேன். சுடுகிறவருக்கு எது எது என்று தெரியக்கூடாது. விலை கூடியது என்று தெரிந்தால் கை தானாகவே கவனமாகிவிடும்.

முதல் சுற்று அ, ஆ, இ, ஈ. இரண்டாவது சுற்று தலைகீழாக ஈ, இ, ஆ, அ. காலையில் வெளிச்சம் கூடும், குளிர் குறையும், கண் களைக்கும். ஒரே வரிசையில் இரண்டு முறை போனால் கடைசி டின்னுக்கு எப்போதும் களைத்த கண்தான் கிடைக்கும். திருப்பிப் போட்டால் அந்த நட்டத்தை எல்லா டின்னும் பகிர்ந்துகொள்ளும்.

ஒவ்வொரு முறை டின் மாற்றும்போதும் முதல் பத்தை வெறும் அட்டையில் சுட்டுத் தள்ளுங்கள். ஒவ்வொரு பெலட்டின் ஈயமும் மேற்பூச்சும் வேறு. முந்தையது விட்டுப்போன படிவின்மேல் புதியது ஓடும்போது முதல் சில சூடுகள் பொய் சொல்லும். பத்துக்குப் பிறகு ஐந்தைந்தாக மூன்று குவியல், ஒவ்வொன்றும் புதிய அட்டையில். இரண்டு சுற்றும் முடிந்தால் வகைக்கு ஆறு குவியல் கையில் இருக்கும். மொத்தம் ஏறத்தாழ 200 பெலட் செலவாகும்.

சைட்டைத் திருத்தாதீர்கள். இது மிகவும் கஷ்டமான கட்டளை. குவியல் எட்டாம் வளையத்தில் விழுந்தால் பிள்ளைகளின் விரல் தானாகவே சைட்டின் திருகுக்குப் போகும். “மகன், கையை எடு” என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! நமக்கு இப்போது வேண்டியது குவியலின் அளவு. அது எங்கே விழுகிறது என்பது பிறகு இரண்டு சொடுக்கில் தீரும் பிரச்சினை.

பெலட்டை உள்ளே வைக்கும்போது கட்டைவிரலால் ஒரே அழுத்தத்தில், நேராக. கோணலாகத் தள்ளினால் பாவாடை அங்கேயே கெடும். சூடு தவறியது உங்கள் பிழை என்று விசை இழுத்த கணத்திலேயே தெரிந்தால், அட்டையைப் பார்ப்பதற்கு முன்பு கொப்பியில் எழுதிவிடுங்கள். பார்த்த பிறகு எழுதினால் அது சாட்டு.

சிலிண்டர் ரைபிளாக இருந்தால் இரண்டு சுற்றுக்கும் நடுவில் காற்றை நிரப்பிக்கொள்ளுங்கள். ஒரு டின் நிறைந்த காற்றிலும் இன்னொன்று வற்றிய காற்றிலும் சுடப்படக்கூடாது.

9. அளப்பதும் எழுதுவதும்

குவியலின் மிக அகலமான இடத்தை வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு வேர்னியர் இடுக்கியால் அளந்து, ஒற்றை ஓட்டையின் அளவைக் கழித்தால் மையத்திலிருந்து மையத்துக்குள்ள தூரம் வரும். ஒற்றை ஓட்டை 4.5 என்று மனதில் வைத்துக் கழிக்காதீர்கள். காகிதம் சற்றுச் சுருங்கி மூடும். அதே அட்டையின் மூலையில் ஒரே ஒரு சூடு போட்டு, அந்த ஓட்டையை அளந்து அதைக் கழியுங்கள்.

எவ்வளவு இருந்தால் நல்லது? 10 மீற்றர் ரைபிள் அட்டையில் பத்து என்பது 0.5 மில்லிமீற்றர் புள்ளி. 4.5 மில்லிமீற்றர் பெலட் அந்தப் புள்ளியின் விளிம்பைத் தொட்டாலே பத்து. அப்படியானால் பெலட்டின் மையம் நடுவிலிருந்து 2.5 மில்லிமீற்றருக்குள் இருந்தால் போதும். இயந்திரமும் பெலட்டும் சேர்ந்து 5 மில்லிமீற்றர் சிதறினால், பத்து முழுவதையும் அவையே தின்றுவிடும். சுடுகிறவருக்கு ஆட ஒரு இம்மிகூட மிஞ்சாது. போட்டி ரைபிளில் ஆதாரத்தில் வைத்துச் சுட்டால் ஐந்து சூட்டுக் குவியல் மையக்கணக்கில் 1 மில்லிமீற்றர், ஒன்றரை என்று வரும். பழைய சுருள்வில் ரைபிளில் 3 வந்தாலே நான் சந்தோஷப்படுவேன்.

ஆறு குவியலின் சராசரியை எடுங்கள், மிகச் சிறிய குவியலை அல்ல. அப்புறம் மிகப் பெரிய குவியலையும் தனியாகக் குறியுங்கள். சராசரி கிட்டத்தட்ட ஒன்றாக உள்ள இரண்டு டின்களில், எதன் பெரிய குவியல் சிறியதோ அதைத்தான் நான் எடுப்பேன். போட்டியில் நம்மைக் கவிழ்ப்பது அந்த ஒரு கெட்ட சூடுதான்.

சராசரியில் வித்தியாசம் 0.2 மில்லிமீற்றருக்குள் என்றால் இரண்டும் சமம் என்று எடுத்து, மலிவானதையோ எளிதாகக் கிடைப்பதையோ தெரியுங்கள்.

10. குளிர், உயரம், மூடுபனி

இந்தப் படி கொழும்புக்காரர்களுக்குத் தேவையில்லை. நமக்குத் தேவை.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கரையோரத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சுருள்வில் ரைபிள் தன்னைச் சுற்றியுள்ள காற்றைத்தான் இழுத்து அழுத்துகிறது. காற்று மெலிந்தால் பிஸ்டனின் ஓட்டமும் மாறும். கொழும்பில் சோதித்துத் தேர்ந்த பெலட் இங்கே அதே மாதிரிக் குவிக்கும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கே சுடப்போகிறீர்களோ அங்கே சோதியுங்கள். கைப்பம்பால் சிலிண்டர் நிரப்புகிறவர்களுக்கு இங்கே கூடுதலாகச் சில அடி அடிக்கவேண்டி வரும், பம்பில் கோளாறு இல்லை.

அதைவிடப் பெரிய தொல்லை பம்புக்குள் போகும் ஈரம். மூடுபனி இறங்கிய காற்றைச் சிலிண்டருக்குள் அடித்தால் தண்ணீரும் சேர்ந்து போகும், உள்ளே துருப்பிடிக்கும். ஈரம் உறிஞ்சும் வடிகட்டியைப் பூட்டுங்கள், ஐம்பது அடிக்கு ஒருமுறை நிறுத்தி ஈரத்தைத் திறந்துவிடுங்கள். முடிந்தால் வெயில் ஏறிய பிறகு நிரப்புங்கள்.

மாலையில் 25 பாகையில் 200 பார் அழுத்தத்துக்கு நிரப்பிய சிலிண்டர், விடியலில் 10 பாகைக்கு இறங்கினால் 190 பார்தான் காட்டும். கசிகிறது என்று சிலிண்டரைக் கழற்றிய ஆட்கள் இருக்கிறார்கள். அது கசிவு இல்லை, காற்று குளிர்ந்து சுருங்கியது. மண்டபம் சூடேறிய பிறகு பாருங்கள், முள் ஏறியிருக்கும்.

குளிரில் கிடந்த ரைபிளை ஆட்கள் நிறைந்த மண்டபத்துக்குள் கொண்டுவந்த உடனே பெட்டியைத் திறக்காதீர்கள். சைட்டிலும் குழலிலும் நீர் அரும்பும். மூடிய பெட்டியிலேயே அரை மணி நேரம் விடுங்கள்.

அட்டையும் நமத்துப்போகும். நமத்த அட்டையில் ஓட்டை பிசிறடிக்கும், இடுக்கியில் அளந்தால் அரை மில்லிமீற்றர் பொய் வரும். அட்டைகளை பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, சுடும் நேரத்தில் மட்டும் எடுங்கள். ஜன்னல் வழியே மூடுபனி மண்டபத்துக்குள் புகுந்து இலக்கு மங்கினால் சோதனையை நிறுத்திவிடுங்கள். கறுப்பு வட்டத்தின் விளிம்பு கரைந்து தெரியும்போது சுட்ட குவியல் பெலட்டைப் பற்றி எதுவும் சொல்லாது.

எல்லாம் முடிந்து ஒரு டின் வென்ற பிறகு, வேறொரு நாள், முடிந்தால் குளிர் கூடிய அதிகாலையில், முதல் இரண்டு இடத்துக்கு வந்தவற்றை மட்டும் மீண்டும் சுட்டுப் பாருங்கள். வரிசை மாறினால் இரண்டும் சமம் என்றுதான் அர்த்தம்.

11. வாங்கி வைப்பது, கொண்டுபோவது

டின்னின் அடியில் அல்லது பக்கத்தில் தொகுதி எண் இருக்கும். அதே கம்பனி, அதே பெயர், அதே தலை அளவு என்றாலும் தொகுதி மாறினால் அச்சும் மாறியிருக்கலாம், ஈயக் கலவையும் சற்று மாறியிருக்கலாம். ஆகவே சோதனைக்கு முன்பே கடைக்காரரிடமோ சங்கத்திலோ அந்தத் தொகுதியில் எத்தனை டின் மிச்சம் என்று கேட்டு வையுங்கள். சோதித்து முடித்துப் போனால் வேறு தொகுதிதான் இருக்கும், எனக்கு அப்படி இரண்டு தரம் நடந்தது. வென்ற தொகுதியில் ஒரு பருவத்துக்குத் தேவையானதை ஒரேயடியாக வாங்குங்கள்.

வைப்பது உலர்ந்த இடத்தில். திறந்த டின்னில் ஈயத்தின்மேல் வெள்ளை மா படியத் தொடங்கினால் அது காற்றும் ஈரமும் செய்த வேலை. அந்தத் தூள் நஞ்சு, கையால் தட்டி ஊதவேண்டாம். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்றோடு காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். வறுத்த அரிசி போடுகிறவர்கள் அந்த அரிசியைச் சோற்றுப் பானைக்கோ கோழிக்கோ திருப்பிக் கொடுக்கக்கூடாது.

கடைசியாகப் பயணம். ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் பஸ்ஸில் ஒருமுறை ஒரு பாதி டின்னைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு போனேன். வளைவுக்கு வளைவு டின் கலகலவென்று பாடிக்கொண்டே வந்தது. இறங்கித் திறந்தால் அடியில் சாம்பல் நிற ஈயத் தூள், மேலே பத்தில் மூன்று பெலட்டுக்குப் பாவாடை கோணல். அதற்குப் பிறகு டின் நிறைய இல்லாவிட்டால் மேலே வட்டமாக வெட்டிய ஸ்பொஞ்சை அழுத்தி மூடுகிறேன். போட்டிக்கான அறுபதும், இலக்கு பிடிக்க இருபதும், கைதவறினால் என்று பத்துமாகத் தொண்ணூறை முந்தைய நாளே பிரித்து, துளையிட்ட பெலட் பெட்டியில் ஒவ்வொன்றாக நிறுத்தி, அந்தப் பெட்டியைக் கைப்பையில் மடியில் வைத்துக்கொண்டு போங்கள். லக்கேஜ் பக்கம் வேண்டாம்.

புதிய தொகுதி வந்தால், குழலைக் கழற்றிப் பூட்டினால், அல்லது சுருள்வில்லோ பிஸ்டன் வாஷரோ மாற்றினால், 3ஆம் படியிலிருந்து திரும்பத் தொடங்கவேண்டும். கொப்பியை வீசாதீர்கள். பழைய குவியல்களோடு ஒப்பிட்டால்தான் கெட்டது பெலட்டா துவக்கா என்று அரை மணி நேரத்தில் தெரியும்.